'டெம்பிள் ஆஃப் டூம்' போடும் முன் 'கங்கா தின்' போடுங்கள்

திரைப்படச் சங்கங்களை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஸ்பீல்பெர்க் பட வரிசை என்றாலே 1984இல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' அதில் இடம்பிடித்துவிடுகிறது. தாராளமாகப் போடுங்கள். ஆனால் முந்தின நாள், 1939இல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் எடுத்த 'கங்கா தின்' படத்தையும் போடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

காளி கோயில், வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்று கொள்ளையடிக்கும் தக்கர் கூட்டம், ஆடும் கயிற்றுப் பாலம், கடைசியில் வந்து சேரும் வெள்ளைக்காரப் பட்டாளம். எல்லாமே பழைய படத்தில் இருக்கிறது. தக்கர்களை 1830களிலேயே ஆங்கிலேயர் ஒடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஸ்பீல்பெர்க்கின் கதை நடப்பதோ 1935இல்!

இதைவிட முக்கியமான காட்சி ஒன்று 'கங்கா தின்'னில் உண்டு. தக்கர் தலைவரும் வில்லனுமான குருவை ஆங்கிலேயச் சிப்பாய்கள் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர் உயிருக்கு என்ன ஆகுமோ என்று அவருடைய ஆட்கள் கீழே செய்வதறியாமல் நிற்கிறார்கள். நீங்கள் உங்கள் நாட்டுக்காகச் சாவதைப் போல நானும் என் நாட்டுக்காகச் சாவேன் என்ற பொருள்படப் பேசிவிட்டு, பாம்புகள் நெளியும் குழிக்குள் அவர் தானே குதித்துவிடுகிறார். பேரரசைக் கொண்டாட எடுத்த படம், எதிரிக்கும் ஒரு நாடு உண்டு என்று ஒரு நிமிடம் ஒப்புக்கொள்கிறது. விடுதலை கிடைத்து 37 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த படத்தில் அந்த ஒரு நிமிடமும் இல்லை. நம் 'தளபதி'யில் கலிவரதனாக வந்த அம்ரீஷ் பூரி அங்கே மோலா ராம். நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுப்பதுதான் அவர் வேலை.

அதற்காகப் பழைய படம் நல்ல படம் என்று சொல்லவில்லை. தண்ணீர் சுமக்கும் கங்கா தின்னாக நடித்தவர், முகத்தில் கருஞ்சாயம் பூசிய நியூயார்க்காரர் சாம் ஜாஃபே. கங்கா தின் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்துப்பட்டும் கோபுரத்தில் ஏறி பியூகிள் ஊதிப் பட்டாளத்தைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறான். ஆசைப்பட்ட சிப்பாய்ச் சீருடை ஆவியான பிறகுதான் கிடைக்கிறது. அந்த முகம் சிரிப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அந்தக் காலத்து நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. பேரரசைப் புகழ்ந்து 1938இல் வந்த 'த டிரம்' என்ற ஆங்கிலப் படத்துக்குப் பம்பாயிலும் சென்னையிலும் எதிர்ப்பு கிளம்பியது. 'கங்கா தின்'னை வங்காளத்திலும் பம்பாயிலும் தடை செய்தார்கள். 'டெம்பிள் ஆஃப் டூம்' கதையைப் படித்த இந்திய அரசு மாற்றங்கள் கேட்டது, படக்குழு கண்டிக்குப் போய்விட்டது. வட இந்தியக் கிராமத்தார் சிங்களம் பேசுவதை இலங்கை நண்பர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பள்ளி வயதில் 'டெம்பிள் ஆஃப் டூம்' படத்தில் வரும் அந்தக் குரங்கு மூளை விருந்தைப் பார்த்து நானும் சிரித்தேன். அது எங்கிருந்து வந்த பார்வை என்று சொல்ல அன்று யாரும் இல்லை. உங்கள் அரங்குக்கு வரும் பிள்ளைகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். எதையும் வெட்டாமல் இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் போடுங்கள். அப்புறம் விளக்கைப் போட்டு, பேசுவதற்கு அரை மணி நேரம் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்