வாரகம்பா தண்ணீர் குடிக்கும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிட்னியில் டூங்காபி, பென்டில் ஹில், வென்ட்வர்த்வில் பக்கம் குடியிருக்கும் தமிழ் உறவுகளுக்கு,

வணக்கம். சென்னையில் எங்கள் வீட்டில் இரண்டு குழாய்கள். ஒன்றில் உப்புத் தண்ணி, இன்னொன்றில் நல்ல தண்ணி. ஆர்.ஓ. மிஷின் விற்க வந்தவர் பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் விட்டு, அதில் ஏறிய எண்ணை அம்மாவிடம் காட்டிப் பயமுறுத்தியே மிஷினை விற்றுவிட்டுப் போனார். சிட்னிக்கு வந்த புதிதில் சமையலறைக் குழாயில் அப்படியே பிடித்துக் குடித்ததும், பருப்பு சொன்ன பேச்சு கேட்டுக் குழைந்ததும் எனக்குப் பெரிய அதிசயம். அந்தத் தண்ணீரைப் பற்றியும், அதில் வந்து சேரும் நிலக்கரிச் சுரங்க நீரைப் பற்றியும்தான் எழுதுகிறேன். யாரையும் பயமுறுத்த அல்ல; இன்றைக்கும் நான் குழாயில் பிடித்துத்தான் குடிக்கிறேன்.

சிட்னியின் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் வாரகம்பா அணையிலிருந்து வருகிறது. அணையில் சேரும் ஆறுகளில் ஒன்று காக்ஸ். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு த்ரீ சிஸ்டர்ஸ் பாறைகளைக் காட்டப் புளியோதரை கட்டிக்கொண்டு கட்டூம்பா போகிறோமே, அதே நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் லித்கோ. அங்கே நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்கள் உண்டு. ஸ்பிரிங்வேல் அதில் ஒன்று.

கரியை உருவி எடுத்ததும் மேலே இருக்கும் பாறை சரிந்து விரிசல் விடும். பாறைக்குள் காலகாலமாகக் கிடந்த நீர் அந்த விரிசல் வழியே இறங்கி, உப்புகளைக் கரைத்துக்கொண்டு சுரங்கத்தில் சேரும். இது நம் ஊர்க் கிணற்று உப்பு போலக் கரிக்காது. பெரும்பகுதி சோடியம் பைகார்பனேட், அதாவது நம் ஆப்ப சோடா. வேலை நடக்க வேண்டுமானால் இதை இரவு பகலாக வெளியே இறைத்தாக வேண்டும். அம்மாவிடம் காட்டிய மீட்டர் அளப்பதும் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதைத்தான்; உப்பு கூடினால் அந்த எண்ணும் கூடும். அந்தக் கணக்கில், ப்ளூ மவுண்டன்ஸ் மலைப்பகுதியின் கெடாத ஓடைகள் 30 மைக்ரோசீமென்ஸ் (அந்த அளவின் அலகு) அளவில் இருக்கும். ஸ்பிரிங்வேல் சுரங்கம் காக்ஸ் ஆற்றுப் பக்கம் விட்ட நீர் 1,200 போல. ஓடைக் கற்களுக்கு அடியில் வாழும் சிறு பூச்சிகளுக்கு அது வேறு உலகம்.

இந்த உப்பு நம் குழாயில் தெரியாததற்குக் காரணம், அணை பெரியது, கலந்து நீர்த்துப்போகிறது. நம் வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ப்ராஸ்பெக்ட் சுத்திகரிப்பு நிலையம் அழுக்கை வடிகட்டும், கிருமியைக் கொல்லும். கரைந்த உப்பை எடுக்காது.

நீர்ப்பிடிப்புப் பகுதியில் புதிதாக எது வந்தாலும் தண்ணீரின் தரம் குறையக் கூடாது என்று ஒரு விதி உண்டு. 2015-ல் ஸ்பிரிங்வேல் சுரங்கத்தின் விரிவாக்கத்துக்குக் கொடுத்த அனுமதி அந்த விதிப்படி செல்லாது என்று 2017 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டது ஒரு சின்ன சுற்றுச்சூழல் அமைப்பு. அக்டோபரிலேயே மாநில நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஏற்கெனவே நடக்கும் சுரங்கம் எவ்வளவு கெடுக்கிறதோ, அதையே அளவுகோலாக வைத்து ஒப்பிட்டால் போதுமாம்! பக்கத்து மின் நிலையத்துக்குக் கரி நின்றுவிடும் என்ற கவலை எனக்கும் புரிகிறது. அதற்காக அளவுகோலையே வளைப்பதா?

சரி, நல்லதும் நடந்தது. 2019-ல் சுத்திகரிப்பு ஆலை ஒன்று வந்தது. சுரங்க நீர் குழாய் வழியாக மவுன்ட் பைப்பர் மின் நிலையத்துக்குப் போய், உப்பு நீக்கப்பட்டு, குளிரூட்டும் கோபுரங்களுக்குப் பயன்படுகிறது. உருப்படியான ஏற்பாடு. ஆனால் அந்த மின் நிலையம் 2040-க்குள் மூடப்பட வேண்டியது. அப்புறம்? இறைப்பதை நிறுத்தினால் சுரங்கம் நிரம்பும், நீர் தானே வழி தேடிக்கொள்ளும். ப்ளூ மவுண்டன்ஸில் கேன்யன் சுரங்கம் 1997-ல் மூடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் போய் அளந்தபோதும் அதன் துத்தநாகமும் நிக்கலும் க்ரோஸ் ஆற்றில் இறங்கிக்கொண்டுதான் இருந்தன.

ஆகவே நான் உங்களைக் கேட்பது ஒன்றுதான். இப்படிப்பட்ட பெரிய சுரங்கத் திட்டம் எதுவானாலும் பொதுமக்கள் கருத்துக்கு வைப்பார்கள். அப்போது எழுதுங்கள். மூடிய பிறகு வரும் நீரை யார் சுத்திகரிப்பது, எத்தனை வருடம், அதற்கான பணத்தை முன்கூட்டியே கட்டிவைத்தாயிற்றா என்று கேளுங்கள். 50 பேர் தனித்தனியாக ஆட்சேபித்தால் அனுமதி பற்றிய முடிவு சுயேச்சையான திட்டமிடல் ஆணையத்திடம் போகும். நம் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்பவர்களே அதைவிட அதிகம்.

தயவுசெய்து என்னிடம் மாதிரிக் கடிதம் கேட்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரே வாசகத்தை ஐம்பது பேர் அனுப்பினாலும் கணக்கில் அது ஒன்றுதான். அவரவர் வீட்டு டம்ளரைப் பார்த்து அவரவர் எழுதுங்கள்.

அன்புடன்,
டூங்காபியிலிருந்து உங்களில் ஒருவன்