உன் பரணில் இருக்கும் நீல நோட்டு

புதுச்சேரி

மாப்ளே,

ஆறு மாசமா எழுதாததுக்குத் திட்டணும்னா நேர்ல வந்து திட்டு. அம்மா சுகம். சின்னவ பத்தாவது போயிட்டா. நம்ம சைக்கிள்காரர் வீட்ல பேரன் பொறந்திருக்கான்.

போன வாரம் அந்த சி.டி.யை எடுத்தேன். சுனாமிக்கு அடுத்த வருஷம் கடலூர் தேவனாம்பட்டினத்துல பெரியவங்ககிட்ட கேட்டு எழுதின காத்துப் பேரு, மீன் பேரு அத்தனையும் அதுலதானே? பளபளப்பு உரிஞ்சு, வெயில்ல பிடிச்சா மறுபக்கம் தெரியுது. எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கல. ராத்திரி தூங்க முடியல.

என் ஆய்வேடு சோத்கங்காவுல, அதான் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கிற இணையக் களஞ்சியத்துல, பத்திரமா இருக்கு. ஆனா அதுல 'கொண்டல்'ங்கிற காத்துப் பேரைத் தேடினா ஒண்ணும் வரல. பாமினிங்கிற பழைய எழுத்துருவுல அடிச்சோமில்லையா, நகலெடுத்து ஒட்டினா கொண்டல் இருந்த இடத்துல ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா விழுது. கண்ணுக்குத் தமிழ், தேடுற மெஷினுக்கு வெறும் குப்பை.

1991-ல பால் கின்ஸ்பார்க்ங்கிற இயற்பியலாளர் ஆர்க்கைவ்ங்கிற கட்டுரைக் களஞ்சியத்தை ஆரம்பிச்சப்ப, இயற்பியல்காரங்க அச்சுக்குப் போகாத கட்டுரையை மின்னஞ்சல்ல வாங்கிப் படிக்கத்தான் அது. 2002-ல எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் எச்.பி. கம்பெனியும் இப்படிக் களஞ்சியம் நடத்துறதுக்கான டிஸ்பேஸ்ங்கிற மென்பொருளைக் கொண்டுவந்தாங்க. சோத்கங்கா ஓடுறதே அதுலதான். எல்லாம் பெரும்பாலும் முடிஞ்ச எழுத்தை அடுக்கி வைக்கிற அலமாரி. ஆனா 2013-ல ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் தொடங்கின செனோடோங்கிற களஞ்சியத்துல குறிப்பு, ஒலிப்பதிவு, அட்டவணை எதையும் வைக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் டி.ஓ.ஐ.ங்கிற நிரந்தர அடையாள எண் உண்டு. நாளைக்கு ஒரு மீன் பேரைத் திருத்திப் போட்டா புது எண் வரும், பழசும் அழியாது. எப்பவும் கடைசிப் பதிப்புக்குக் கூட்டிட்டுப் போற பொது எண் தனியா இருக்கும். அன்னைக்கே இது இருந்திருந்தா!

இன்னொண்ணு. விவரக்குறிப்பை மட்டும் காட்டிட்டு, கோப்பைப் பூட்டியும் வைக்கலாம். வெளியாள்கிட்ட சொல்லாதீங்கன்னு கிழவி சொன்ன பாட்டு ஞாபகமிருக்கா? அதை அப்படித்தான் வைக்கணும். அவங்க இப்ப இல்ல மாப்ளே. அன்னைக்குத் திண்ணையில இருந்தவங்கள்ல ரெண்டு பேர்தான் மிச்சம்.

உன் பரண்ல, அன்னைக்கு நாம கையால எழுதின அந்த நீல நோட்டு இருக்கணும், மண்ணெண்ணெய்க் கறையோட. தபால்ல அனுப்பாதே, தொலைஞ்சா போச்சு. பகல் வெளிச்சத்துல பக்கம் பக்கமா படம் எடுத்து அனுப்பு. எந்த மெஷினும் தமிழாவே படிக்கிற யூனிகோடுல நான் அடிச்சுக்கிறேன். கச்சான் காத்தைப் பத்தின பக்கத்தை முதல்ல எடு. பென்சில்ல எழுதினது, மங்கியிருக்கும்.

உன் பழைய அறைக்காரன்