கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை எப்போது மாற்ற வேண்டும் என்று தவறாக வழிகாட்டியது குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மீன்தொட்டியின் செடிகளுக்காக உங்களிடம் வாங்கிய 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மற்றும் ரெகுலேட்டர் (வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) – தவறான வழிகாட்டலால் நேர்ந்த இழப்புக்கு ஈடு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த ஐந்து வாரங்களில் உங்கள் சேவை எண்ணில் ஒன்பது முறை பேசினேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவரிடம் முதலிலிருந்து விளக்கி, மூன்று புகார் எண்கள் பெற்று, மூன்றுமே "தீர்க்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தியோடு மூடப்பட்ட பிறகுதான் இதை எழுத்தில் அனுப்புகிறேன். சிலிண்டர் தீரப்போகிறது என்பதை வீட்டில் இருப்பவர் எப்படித் தெரிந்துகொள்வது என்ற ஒரே கேள்வியைத்தான் நான் கேட்டேன். சிலிண்டரை விற்று, நிரப்பியும் தரும் நிறுவனத்துக்கு இதற்கு விடை தெரியாமல் இருக்காது என்று நம்பினேன்.

ஏப்ரல் மாதம் உங்கள் ஊழியர் ஒருவர், "மூன்று மாதம் ஆகிவிட்டதா? அப்படியானால் காலியாகத்தான் இருக்கும், எடுத்து வாருங்கள்" என்று சொன்னதை நம்பி, வேளச்சேரியிலிருந்து அம்பத்தூரில் உள்ள உங்கள் நிரப்பு நிலையத்துக்கு, அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்த வெயிலில் ஆட்டோவில் சிலிண்டரை மடியில் வைத்துக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் அதைத் தராசில் வைத்தார், 4.6 கிலோ காட்டியது. பிறகு சிலிண்டரின் தோள்பகுதியில் பெயின்டுக்கு அடியில் பொறித்திருந்த 3.4 என்ற எண்ணை விரலால் தடவிக் காட்டி, "இது வெறும் சிலிண்டர் எடை தம்பி, உள்ளே இன்னும் 1.2 கிலோ கேஸ் இருக்கு, எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?" என்றார். உங்கள் நிறுவனத்தில் எனக்கு உண்மையைச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். மிச்சமிருப்பதை வெளியேற்றிவிட்டு முழுக் கட்டணத்துக்கு நிரப்பலாம் என்று கவுன்டரில் இருந்தவர் சொன்னதால் அப்படியே திரும்பினேன். போகவர ஆட்டோவுக்கு மட்டும் 1,100 ரூபாய்.

எடை பார்ப்பதுதான் வழி என்பது உங்கள் நிரப்பு நிலையத்துக்குத் தெரிகிறது. உங்கள் தொலைபேசிப் பிரிவுக்கும், பெட்டிக்குள் நீங்கள் வைக்கும் கையேட்டுக்கும் தெரியவில்லையா? அந்தக் கையேடு, ரெகுலேட்டரில் உள்ள அழுத்த மீட்டரைப் பற்றி, "மீட்டர் பூஜ்யத்தைக் காட்டியதும் சிலிண்டரை மாற்றவும்" என்கிறது. சிலிண்டருக்குள் வாயு திரவமாக இருக்கும்வரை மீட்டரின் முள் காட்டுவது வெப்பநிலைக்கு ஏற்ற அழுத்தத்தை மட்டுமே. 20 டிகிரியில் சுமார் 57 பார், 25 டிகிரியில் சுமார் 64 பார். உள்ளே முக்கால் பங்கு இருந்தாலும் பாதி இருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். கோடைப் பிற்பகலில் 31 டிகிரியைத் தாண்டிவிட்டால் திரவமே தனியாக இருக்காது. அப்போது முள்ளை வைத்து எதையும் சொல்வதற்கில்லை. ஏசி ஓடும் அறையில் முள் நின்ற இடத்திலிருந்து இறங்கத் தொடங்கினால் திரவம் தீர்ந்துவிட்டது என்று பொருள், உடனே மாற்றிவிட வேண்டும். இதையெல்லாம் நான் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்; விற்றவர்கள் சொல்லவில்லை.

முள் இறங்கத் தொடங்கியது ஜூன் மாதம். அன்றே உங்களை அழைத்து, எடை போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். பேசிய இளைஞரின் பதிலை என்னால் மறக்க முடியவில்லை: "முள் ஜீரோவுக்கு வரட்டும் சார். அதுவரைக்கும் கூப்பிடாதீங்க. போன தடவையும் சும்மாதானே தூக்கிட்டு வந்தீங்க?" வரச் சொன்னதும் நீங்கள், வந்ததற்காக என்னைக் குத்திக்காட்டியதும் நீங்கள். அந்த உரையாடலின் பதிவு உங்களிடம் இருக்கும். தயவுசெய்து உங்கள் மேலதிகாரிகள் அதை ஒருமுறை கேட்க வேண்டும்.

நீங்கள் விற்றது ஒற்றை நிலை ரெகுலேட்டர், அதாவது அழுத்தத்தை ஒரே படியில் குறைப்பது. சிலிண்டரின் அழுத்தம் குறையக் குறைய இத்தகைய ரெகுலேட்டரின் வெளியேற்று அழுத்தம் கூடும் என்பது, அதை விற்கும் உங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. முள் ஜீரோவுக்கு வரட்டும் என்று காத்திருந்தபோது ஒருநாள் காலையில் விநாடிக்கு இரண்டு குமிழ் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்தபோது, தொட்டிக்குள் போகும் வாயுவைக் குமிழ்களாகக் காட்டும் பபிள் கவுன்டரில் குமிழ்களை எண்ணவே முடியவில்லை, ஒரே நீரோட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. நீரில் உள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவை நிறத்தால் காட்டும் ட்ராப் செக்கர், பச்சையாக இருக்க வேண்டியது, அளவு மிஞ்சிவிட்டதைக் காட்டும் எலுமிச்சை மஞ்சளாக மாறியிருந்தது. 24 கார்டினல் டெட்ரா மீன்களில் ஏழு மட்டும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவற்றிலும் நான்கு அன்றிரவே போய்விட்டன. அமானோ இறால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான்கு ஆண்டுகளாக என் மகளும் நானும் வளர்த்த தொட்டி அது. ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தாலும் அதை உங்களால் திருப்பித் தர முடியாது. என் மகள் இன்றுவரை அந்தத் தொட்டியின் பக்கம் வருவதில்லை.

இதைச் சொன்னபோது, "மீன் சாவதற்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று கூறி அழைப்பைத் துண்டித்தார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சரியான பயன்பாட்டுக்கான வழிமுறையும் எச்சரிக்கையும் போதிய அளவு தராத உற்பத்தியாளரைப் பொறுப்பாளி ஆக்குகிறது என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

சண்டை போடுவது என் நோக்கம் அல்ல. ரெகுலேட்டருக்கான தொகையையும், இறந்த உயிரினங்களுக்கும் வீணான பயணத்துக்கும் சேர்த்து 18,000 ரூபாயையும் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெறும் சிலிண்டரின் எடை எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது, எப்படி எடை போடுவது, முள் இறங்கத் தொடங்கியதுமே ஏன் மாற்ற வேண்டும் என்பவற்றைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பெட்டியிலும் வைக்க வேண்டும். பணத்தைவிட இதுவே எனக்கு முக்கியம். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். ரசீது, தொட்டியின் படங்கள், அழைப்புகளின் தேதிகள் எல்லாம் என் கைவசம் உள்ளன, நகல்களை இணைத்துள்ளேன்.

சிலிண்டர் இப்போது என் வீட்டு வராந்தாவில் நிற்கிறது. எடுத்துச்செல்ல ஆள் அனுப்புங்கள். நான் இனி அம்பத்தூருக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாடிக்கையாளர்