வளையல் கழன்றதை அம்மாதான் கவனித்தார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இளவயதுச் சர்க்கரை நோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சாப்பாடு, நடை, தூக்கம் பற்றி எழுதியிருந்ததெல்லாம் சரி. ஆனால் எல்லாருக்கும் காரணம் வாய்தான் என்பது போல முடித்திருந்தது உறுத்தியது. என் தங்கைக்குக் காரணம் நுரையீரலில் இருந்த பட்டாணி அளவுக் கட்டி.

அப்போது அவளுக்கு 34 வயது. ஏழெட்டு மாதத்தில் முகம் உருண்டது, வயிறு போட்டது. பார்த்தவர்கள் "பூரிச்சுப் போயிட்டியே" என்றார்கள். சர்க்கரை வந்தது, பின்னாலேயே பிரஷர் வந்தது, மாதவிலக்கு நின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒரு சீட்டு. ராத்திரி கம்பங்கூழோடு நிறுத்திக்கொண்டும் எடை இறங்கவில்லை. அம்மா மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்: "உடம்பு போட்டா வளையல் இறுகணும். இவளுக்குக் கழண்டு விழுதே." உண்மைதான். பாவாடை நாடா எட்டவில்லை, கைகால் மட்டும் குச்சியாகிக்கொண்டே வந்தது. தரையில் உட்கார்ந்து காய் நறுக்கினால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள். லேசாக இடித்தாலே கன்றிப்போகும். வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதா வரிகள். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.7, 3.5-க்குக் குறையக் கூடாது. அந்த எண்ணுக்குக் கீழே யாரோ கோடுகூடப் போட்டிருந்தார்கள். இளநீர் குடிக்கச் சொன்னதோடு சரி.

இத்தனையும் ஒரே நோய். உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிப் பெருகுவது. 1932-இல் இதை விரிவாக எழுதிய அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் பெயரால் குஷிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் விழுங்குகிறவர்களிடம்தான் இது அதிகம். அதனால் ஓரிடத்தில் என் தங்கையிடமும் "வீட்டுக்குத் தெரியாம என்ன மாத்திரை சாப்பிடறே?" என்று கேட்டார்கள். அன்று பஸ்ஸில் வழி முழுக்க அழுதுகொண்டே வந்தாள்.

கடைசியில் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவர் எல்லாச் சீட்டையும் மேஜையில் பரப்பிச் சேர்த்துப் பார்த்தார். இரவு 11 மணிக்கு, கார்டிசால் சுரப்பை அடக்கும் டெக்சாமெதசோன் மாத்திரை 1 மில்லிகிராம், மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம். அடங்கியிருக்க வேண்டிய கார்டிசால் அடங்கவில்லை. அதைச் சுரக்கத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனும் மிக அதிகம். வழக்கமாக அதை அனுப்புவது தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி, பிட்யூட்டரிக்குப் பக்கத்திலேயே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்து வரவில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத அந்தக் கட்டி சி.டி.யிலும், இப்படிப்பட்ட கட்டிகளைக் காட்டும் காலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேனிலும்தான் அகப்பட்டது.

அதன் பெயர் கார்சினாய்டு. நுரையீரல் புற்றுக்கட்டிகளில் 100-க்கு ஒன்றிரண்டுதான் இந்த வகை. மூச்சுக்குழாய்ச் சுவரில் ஹார்மோன் சுரக்கும் செல்கள் இயல்பாகவே உண்டு. அவற்றின் வகையைச் சேர்ந்த கட்டி என்பதால் சில நேரம் இதுவும் ஹார்மோனைக் கொட்டுகிறது. அவள் பீடி, சிகரெட் புகை படியாத வீட்டில் வளர்ந்தவள். இந்தக் கட்டி வரப் புகை வேண்டியதில்லை. நுரையீரல் கட்டிக்கும் இப்படிப்பட்ட ஹார்மோன் கோளாறுக்கும் உள்ள தொடர்பு 1928-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கட்டியே ஏ.சி.டி.எச். சுரக்கிறது என்பதை 1960-களில் அமெரிக்க மருத்துவர் கிராண்ட் லிடில் குழுவினர் காட்டினார்கள். எல்லாக் கார்சினாய்டும் ஹார்மோன் சுரப்பதில்லை. சில மூச்சுக்குழாயை அடைத்து இளைப்பை உண்டாக்கும், சளியில் ரத்தம் வரும். ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதும் நடக்கிறது.

அறுவை சிகிச்சையில் நுரையீரலின் ஒரு மடலை எடுத்தார்கள். சர்க்கரை மாத்திரை நின்றது, பிரஷர் இறங்கியது. ஆனால் அவ்வளவு நாள் சும்மா இருந்த பிட்யூட்டரி உடனே விழித்துக்கொள்ளாது. அது தூண்டாமல், கார்டிசாலைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியும் வேலை செய்யாது. அதனால் கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கிட்டத்தட்ட ஒரு வருடம் ஓடியது. அதைத் தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இந்தக் கட்டி அபூர்வமாகப் பரம்பரையாகவும் வரும். அப்படி வந்தால், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் கழுத்துச் சுரப்பியான பாராதைராய்டிலும் கோளாறு இருக்கலாம் என்பதால், அதைப் பார்க்க அவளுக்குக் கால்சியமும் சோதித்தார்கள். நல்லவேளை, சரியாக இருந்தது.

ஆசிரியர் அவர்களே, சர்க்கரை வந்த எல்லாரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இது அபூர்வ நோய்தான். ஆனால் சர்க்கரை, பிரஷர், பொட்டாசியக் குறைவு, மெலிந்த கைகால், ஊதா வரி எல்லாம் ஒருவருக்கே சேர்ந்து வந்தால் கார்டிசால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்று அடுத்த கட்டுரையில் நாலு வரி சேருங்கள். முடிந்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரையே எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு இரண்டரை வருடம் போய்விட்டது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
நாமக்கல்