கற்திட்டை வரை எங்களை அழைத்துச் சென்றவர்களுக்கு நன்றி மடல்

தாண்டிக்குடி வட்டாரத்து ஊர்ப் பெரியோர்களுக்கும், வனத்துறைப் பணியாளர்களுக்கும், எங்களோடு நடந்த பளியர் குடிப் பெரியவருக்கும், உடன் துணை நின்ற அனைவருக்கும் எங்கள் பள்ளித் தொன்மை மன்றத்தின் வணக்கம்.

கீழ்ப்பழனி மலைக் காட்டுக்குள் இருக்கும் கற்திட்டைகளை, அதாவது இறந்தோருக்காகப் பலகைக்கற்களை நிறுத்தி எழுப்பிய பெருங்கற்கால ஈமச் சின்னங்களைப் பார்க்க, தைப் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு எங்கள் மாணவ மாணவியரை அழைத்து வந்திருந்தோம். அவர்கள் போய்ச் சேர்ந்து நல்லபடியாகத் திரும்பியதற்கு எங்கள் ஏற்பாடுகளைவிட உங்கள் கைகளும் கண்களுமே காரணம் என்பதை அன்றே உணர்ந்தோம். அன்று ஆளுக்கொரு வார்த்தையில் சொல்லிவிட்டு வந்த நன்றியைப் பலரும் அறிய எழுத்தில் வைப்பதே முறை என்று கருதி இம்மடலை எழுதுகிறோம்.

பழனி மலைக் கற்திட்டைகளைப் பற்றி ஏசு சபைத் துறவியரான ஆங்கிலேடும் நியூட்டனும் எழுதிய ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. அவர்கள் நடந்த மலைகளில் இன்றும் நடக்கலாம் என்று வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் நம்பவில்லை. முதலில் செண்பகனூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கே கண்ணாடிப் பேழைகளுக்கு முன்னால் குழந்தைகள் நின்ற நேரமெல்லாம் பொறுமையாக உடன் நின்று, கேட்டதையே திரும்பக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் விளக்கிய பணியாளர்களுக்கு எங்கள் முதல் நன்றி.

மலைக்காட்டின் பெரும்பகுதி 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனவே அனுமதி பெறாமல் காட்டுக்குள் நடக்க எண்ணவும் கூடாது. விண்ணப்பத்தைப் படித்து, குழந்தைகளின் வயதைக் கேட்டு, நடைவழியைத் தாமே திருத்திக் கொடுத்த வனச்சரக அலுவலர்களுக்கு நன்றி. எங்களுக்கு முன்னே நடந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஓரிடத்தில் புதிதாகக் கிடந்த யானைச் சாணத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். காற்று வரும் திசையைப் பார்த்துச் சற்று நேரம் காத்திருந்து, மேட்டுப் பக்கமாகச் சுற்றி அழைத்துச் சென்றார். ஒரு குழந்தைகூடப் பயப்படாதபடி அதைச் செய்தாரே, அந்தப் பக்குவத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்க முடியாது.

காப்பித் தோட்டத்தின் வழியாகப் போக வாயிலைத் திறந்துவிட்ட தோட்டக்காரருக்கும், பழம் பறித்துக்கொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்த அக்காமார்களுக்கும் நன்றி. “குள்ளர் வீட்டைப் பார்க்கவா போறீங்க? எங்க அப்பாயி காலத்துல மாடு மேய்க்கிறவங்க மழைக்கு அதுக்குள்ளதான் ஒதுங்குவாங்க” என்று, கற்திட்டையை ஊர் வழக்கில் குறிப்பிட்டு அவர்களில் ஒருவர் சொன்னதை மாணவி ஒருத்தி அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நூல்களில் கிடைக்காத செய்தி அது.

இனிச் சொல்லப்போவது பளியர் குடிப் பெரியவரைப் பற்றி. மாணவர்கள் அவரைத் தாத்தா என்றே அழைத்தார்கள். அவரும் அவர்களைக் கண்ணு என்றே கூப்பிட்டார். தோட்டம் முடிந்து சோலைக்காடு தொடங்கும் இடத்திலிருந்து எங்கள் கண்ணுக்குப் பாதை என்று ஒன்று தெரியவில்லை. வள்ளிக்கொடி படர்ந்த மரத்தையும், தேனடை இருந்த பாறையையும், நீர் கசியும் கல்லிடுக்கையும் அடையாளமாக வைத்து அவர் நடந்தார். செங்குத்தான புல்சரிவில் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து ஏற்றிவிட்டார். பாறைத் திட்டை அடைந்ததும் தம் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். “உள்ள இருந்தவங்க யாரோ, எவரோ. ஆனா இது அவங்க இடம்” என்றார். மூடுகல்லின் மேல் ஏறி நின்று படம் எடுக்கும் எண்ணம் அதன் பிறகு ஒருவருக்கும் வரவில்லை.

அங்கே நாங்கள் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நாங்கள் நன்றி சொல்வது அதைக் காட்டியதற்காகத்தான். மண்ணே இல்லாத வெறும் பாறைமேல், மூன்று பக்கமும் பலகைக்கற்களை நிறுத்தி, ஒரு பக்கம் திறப்பு விட்டு, மேலே அகன்ற ஒரே கல்லால் மூடியிருக்கிறார்கள். சுற்றிலும் கல்லடுக்கிய தாழ்ந்த மதில். குழி தோண்டி நட வழியில்லாத இடத்தில் இவ்வளவு கனமான கற்கள் இத்தனை நூற்றாண்டுகள் எப்படி நின்றன என்று ஒரு மாணவன் கேட்டான். எங்களோடு வந்திருந்த தொல்லியல் பேராசிரியர், கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் விதத்தையும், அடியில் செருகியிருக்கும் சிறு கற்களையும், மூடுகல்லின் எடையே சுவர்களை அழுத்திப் பிடித்திருப்பதையும் காட்டினார். இத்தனை பெரிய கல்லை மலைமேல் எப்படி ஏற்றினார்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குப் பதில் சொன்னவர் தாத்தா. சற்றுத் தள்ளி அழைத்துப் போய், வெங்காயத் தோல்போலப் பாறை தானே ஏடு ஏடாக உரிந்து கிடக்கும் சரிவைக் காட்டி, “ஏத்தல கண்ணு, இங்கதான் எடுத்திருக்காங்க” என்றார். பேராசிரியர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நிலத்துக்கு மேலே எழுப்பியது கற்திட்டை, நிலத்துக்குள் புதைத்து அமைத்தது கற்பதுக்கை, சுற்றிக் கல் அடுக்கியது கல்வட்டம் என்று பிரித்துக் கற்பித்த பேராசிரியருக்குத் தனி நன்றி. சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியிற் கவிப்போர் என்று இறந்தோரை அடக்கம் செய்யும் முறைகளாக மணிமேகலை சொல்லும் ஐவகையையும் அந்தக் கல்லின் அருகில் அமர்ந்து கேட்டபோது செய்யுள் மாணவர்களுக்குப் பாடமாகத் தோன்றவில்லை. மலையடிவாரத்துப் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அகழ்ந்த ஈமச்சின்னத்தில் கலத்தோடு கிடைத்த நெல், கதிரியக்கக் கரிமக் கணிப்பில் கி.மு. 490 என்று காலம் காட்டியதையும் அவர் சொன்னார். அதே ஆய்வாளர் தாண்டிக்குடியிலும் அகழாய்வு செய்திருக்கிறார். நாம் பேருந்தில் கடந்து போகும் ஊர்களுக்கு இத்தனை ஆழம் உண்டென்று பிள்ளைகள் அன்று அறிந்தார்கள்.

எங்களை வருத்திய ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். அங்கிருந்த கற்திட்டைகளில் ஒன்றின் மூடுகல்லைப் புதையல் தேடியவர்கள் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். அங்கே பொன் இல்லை. பெருங்கற்கால ஈமச் சின்னங்களில் பெரும்பாலும் கிடைப்பவை மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் மணிகளும் எலும்புத் துண்டுகளுமே. கலைத்துவிட்டால் அவை ஆய்வாளருக்கும் பயன்படாமல் போகும். இந்த அச்சத்தினால்தான் பாறைத் திட்டின் பெயரையும் வழியையும் இம்மடலில் எழுதவில்லை. வேலிச்சுவர் கட்டக் கல் தேவைப்பட்ட காலத்திலும் அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்காத ஊராருக்கு இன்று நாங்கள் மட்டுமல்ல, இந்நாடே கடன்பட்டிருக்கிறது என்பதே எங்கள் எண்ணம்.

இறங்கும்போது கால் பிசகிய எங்கள் ஆசிரியையை, இரண்டு கழிகளில் போர்வையைக் கட்டித் தூக்கி வந்த ஊர் இளைஞர்களுக்கும், இருட்டிய பின்னும் காத்திருந்து கட்டுப்போட்ட செவிலியருக்கும், வத்தலக்குண்டு வரையிலான கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் தூங்கும்படி வண்டி ஓட்டிய ஓட்டுநருக்கும் நன்றி. ஆசிரியை நலமாக இருக்கிறார், பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறார்.

மாணவர்கள் அளந்து வரைந்த படங்களின் ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும், மற்றொரு படியை ஊர்ப் பள்ளியிலும் பங்குனி மாதத்துக்குள் நேரில் வந்து ஒப்படைக்கிறோம். தாத்தா சொன்னவற்றை எழுதி வைத்திருக்கிறோம். அவரிடம் முழுவதும் படித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பகுதிகளை மட்டுமே அந்தப் படங்களோடு சேர்ப்போம்.

நன்றியுடன்,
தொன்மை மன்றப் பொறுப்பாசிரியரும் மாணவ மாணவியரும்,
திண்டுக்கல்.