துவரம்பருப்பு முளைக்காது: உங்கள் பூமி பூஜைத் தொகுப்பு குறித்த புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: பூமி பூஜைத் தொகுப்பில் தரக்குறைவு, எண்ணிக்கைக் குறைவு, வழிகாட்டி அட்டையில் தவறான நேரமும் திசையும் – பணத்தைத் திருப்பித் தருதல், அட்டையைத் திருத்துதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். அடுத்தடுத்த மனைக்காரர்கள் நாங்கள் மூன்று பேர், எங்கள் மேஸ்திரியோடு சேர்ந்து எழுதும் கடிதம் இது. ஐப்பசி 11 வாஸ்து நாளுக்காக உங்கள் இணையக் கடையில் 'முழுமையான பூமி பூஜைத் தொகுப்பு' மூன்று வாங்கினோம். ஒன்று ரூ. 2,499. பெட்டி அழகு, பட்டுத் துணி அழகு, மேலே ஒட்டிய பிள்ளையார் படமும் அழகு. மண்ணுக்குள் போகிற பொருள்களும், எப்போது எங்கே என்று சொல்லும் அட்டையும்தான் சரியில்லை.

முதலில் நேரம். அட்டையில் 'சுப முகூர்த்தம்: காலை 6.50 – 8.20' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். அது முகூர்த்தம் அல்ல; மனைக்கு அதிபதியான வாஸ்து புருஷன் அன்று விழித்திருக்கும் மொத்த நேரம். மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம். அதை ஐந்தாகப் பிரித்தால் 18 நிமிடம் வீதம் வரும்: பல் துலக்குவது, நீராடுவது, பூஜை செய்வது, போஜனம், தாம்பூலம். மனை கோலுவதற்கு, அதாவது வீட்டு வேலையைத் தொடங்குவதற்கு, எடுத்துக்கொள்வது கடைசி இரண்டு பங்கான 36 நிமிடத்தைத்தான். ஆகவே ஐப்பசி 11-க்கு 7.44 முதல் 8.20 வரை. தினசரிக் காலண்டரின் பின்பக்கத்திலேயே இது இருக்கும். உங்கள் அட்டையை நம்பி ஒரு மனையில் 7.10-க்கே கல் வைத்து முடித்துவிட்டார்கள். கணக்குப்படி வாஸ்து புருஷன் அப்போதுதான் குளிக்கப் போயிருக்கிறார்.

பிள்ளையார் பிடிப்பது, சங்கல்பம், புண்யாகவாசனம் (மந்திர நீர் தெளித்துச் சுத்தி செய்வது), கலச பூஜை எல்லாம் 7.44-க்கு முன்பே தாராளமாக முடித்துக்கொள்ளலாம். கடப்பாரை மண்ணில் இறங்குவதும் கல் வைப்பதும் மட்டும் அந்த 36 நிமிடத்துக்குள் வர வேண்டும். இந்த ஒரு வரி அட்டையில் இருந்திருந்தால் போதும்.

அட்டையின் பின்பக்கம் இன்னும் மோசம். 'மாதந்தோறும் வாஸ்து நாள்' என்று 12 மாதத்துக்கும் 12 தேதி கொடுத்திருக்கிறீர்கள். வாஸ்து நாள் வருடத்துக்கு எட்டுதான்: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய நான்கும் உபய ராசி மாதங்கள்; சூரியன் மிதுனம், கன்னி, தனுசு, மீனத்தில் இருக்கும் காலம். அவற்றில் வாஸ்து புருஷன் எழுவதில்லை என்பதுதான் கணக்கு. 'மார்கழி 8' என்று ஒரு தேதியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று தெரியவில்லை. மார்கழியில் மனை கோலச் சொல்லும் பெரியவர் ஒருவரைக் கூட நாங்கள் பார்த்ததில்லை. பக்கத்தில் ஆங்கிலத் தேதியையும் நிரந்தரமாகப் போட்டிருக்கிறீர்கள். தமிழ் மாதப் பிறப்பு வருடத்துக்கு வருடம் ஒரு நாள் முன்பின் போகும். ஐப்பசி 11 ஒரு வருடம் அக்டோபர் 27, இன்னொரு வருடம் 28.

அடுத்தது மூலை. 'மனைக்குள் நுழைந்து நின்றால் எதிரே வலது கோடி மூலைதான் ஈசானியம்' என்கிறது அட்டை. தெற்கு பார்த்த மனைக்கு மட்டும்தான் அது பொருந்தும். எங்கள் மனைகள் மூன்றும் வேறு வேறு பார்வை. கிழக்கு பார்த்த மனையில் உள்ளே நுழையும்போது முகம் மேற்கே இருக்கும். எதிரே வலது கோடி வாயு மூலை (வடமேற்கு). மேற்கு பார்த்ததில் அது அக்னி மூலை (தென்கிழக்கு). வடக்கு பார்த்த மனையில் நேராகத் தென்மேற்கான கன்னி மூலைக்கே கொண்டுபோய் விடுகிறது. ஈசானியத்துக்கு நேர் எதிர் மூலை அது! வடகிழக்கு என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கலாம். தொகுப்போடு வந்த சின்னத் திசைகாட்டியைக் கம்பிக் கட்டுக்கு நாலடி தள்ளி வைத்துப் பார்க்கவும் என்று ஒரு குறிப்பும் வேண்டும். இரும்புக்குப் பக்கத்தில் முள் இழுபடும்.

இனி பொருள்கள். நவதானியப் பொட்டலத்தைச் செய்தித்தாளில் கொட்டிப் பிரித்துப் பார்த்தோம். கோதுமை, பச்சைப்பயறு, கருப்புக் கொண்டைக்கடலை, எள், கொள்ளு ஐந்தும் சரி. நெல்லுக்குப் பதில் பச்சரிசி. முழுத் துவரைக்குப் பதில் துவரம்பருப்பு. உளுந்து தோல் நீக்கி உடைத்தது. மொச்சை இல்லவே இல்லை. அந்த இடத்தில் வெள்ளைக் கொண்டைக்கடலை. ஆக, ஒன்பதில் நான்கு தவறு. ஒவ்வொரு தானியமும் ஒரு கிரகத்துக்கு உரியது: ராகுவுக்கும் செவ்வாய்க்கும் சமையலுக்கு உடைத்த பருப்பு, சுக்கிரனுக்கு ஒன்றுமே இல்லை. தானியத்தைக் குழியில் இடுவது அது உயிருள்ள விதை என்பதால்தான். உடைத்த பருப்பும் தீட்டிய அரிசியும் முளைக்காது. ஈரத்துணியில் மூன்று நாள் கட்டி வைத்தோம். பச்சைப்பயறு மறுநாளே வால் விட்டது, கொள்ளு பின்னாலேயே வந்தது. பருப்பு ஊறி, வழுவழுத்து, நாறியதுதான் மிச்சம். பலசரக்குக் கடையில் முழுத் தானியம் ஒன்பதையும் தனித்தனியாக 50 கிராம் வாங்க எவ்வளவு ஆகிவிடப் போகிறது?

எங்களை அதிகம் கோபப்படுத்தியது செங்கல். 'பூஜைச் செங்கல் – 5' என்று வந்தவை நான்கு அங்குல நீளத்தில், மேலே சிவப்புச் சாயம் பூசியவை. ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டோம். சாயம் முதலில் போனது. ஒரு மணி நேரத்தில் மூலைகள் கரைந்து, தூக்கும்போது கையிலேயே பிட்டுப்போலப் பிட்டுக்கொண்டது. சுடாத களிமண். மனையில் வைக்கும் கல் காட்சிக்கு வைப்பதில்லை. அதன்மேல் சுவர் எழும்பும். சூளையில் நன்றாக வெந்த செங்கல் இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும், நகத்தால் கீறினால் தடம் விழாது, 24 மணி நேரம் ஊறினாலும் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்காது. மேஸ்திரி உங்கள் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் சூளைக் கல் ஐந்தை எடுத்து வைத்தார். அவரிடம் கேட்டால் பெட்டியில் கல்லே அனுப்ப வேண்டாம் என்பார். எங்கள் கருத்தும் அதுதான். கல் மனையிலேயே இருக்கும்.

மஞ்சள் தூள் 10 கிராம். எலுமிச்சை அளவுக்குப் பிள்ளையார் பிடிக்கவே 25 கிராம் வேண்டும். அதற்கு மேல் ஐந்து கல்லுக்கும் தடவ, கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் பூச என்று பார்த்தால் 100 கிராமுக்குக் குறைந்து போதாது.

'செம்புக் கலசம்' என்று விற்றதில் காந்தம் ஒட்டுகிறது. செம்பில் காந்தம் ஒட்டாது. உள்ளே இரும்புத் தகடு, மேலே செம்பு நிறப் பூச்சு. இரவு முழுக்கத் தண்ணீர் நின்றதில் அடித்தையலில் துரு. வாய் 4.5 செ.மீ. அகலம்தான், மாவிலை ஐந்தைச் செருகினால் தேங்காய் உட்கார இடமில்லை, சாய்கிறது. வாய் 7 செ.மீ.க்குக் குறையக்கூடாது. கலசத்துக்குச் சுற்றக் கொடுத்த நூலைக் கொளுத்திப் பார்த்தோம்: உருகிக் கருப்பு மணியாக இறுகியது. பருத்தி என்றால் சாம்பலாகியிருக்கும். கற்பூரம் 50 கிராம் என்று போட்டு 41 கிராம் இருந்தது. காகிதப் பொட்டலத்தில் கட்டினால் கற்பூரம் காற்றோடு போகத்தான் செய்யும். நவரத்தினக் கண்ணாடிக் கற்களைப் பற்றிப் புகார் இல்லை. இந்த விலைக்கு அசல் வைரத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. 'அசல்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அட்டையின் கடைசிக் குறிப்பு: 'எல்லாப் பொட்டலங்களையும் அப்படியே குழியில் இட்டு மூடவும்.' பொட்டலங்கள் பிளாஸ்டிக். அதோடு தேங்காய், பழம், துணி எல்லாம் உள்ளே போனால் மக்கிய பிறகு அந்த இடம் வெற்றிடமாகும். தூணின் அடித்தளமான பில்லர் ஃபுட்டிங்குக்குக் கீழே வெற்றிடம் விடலாமா? பூஜைக் குழி ஒன்றரை அடி ஆழம் போதும். ஃபுட்டிங் வரும் இடத்தை விட்டுத் தள்ளி, ஈசானியப் பக்கமே எடுக்க வேண்டும். தள்ள இடமில்லை என்றால், வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டும்போது பூஜைப் பொருள்களைத் தனியே எடுத்து வைத்து, பேஸ்மெண்ட் நிரப்பும்போது அதே மூலையில் இட்டு மூடலாம்.

நியாயமாகச் சொன்னால் அட்டையில் ஒரு பத்தி சரியாக இருக்கிறது. ஒரு முழக் குழி எடுத்து அதே மண்ணால் மூடும்போது மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக இருந்தால் மத்திமம், போதாவிட்டால் அதமம் என்பது. போதாத மனை பெரும்பாலும் பொலபொலத்த மண் அல்லது கொட்டி நிரப்பிய மண்ணாக இருக்கும், அங்கே கடைக்காலை (அஸ்திவாரத்தை) இன்னும் ஆழமாகக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் சேர்த்தால் கட்டுகிறவர்களுக்கு உதவும்.

தொலைபேசியில் கேட்டதற்கு உங்கள் உதவி மையம் சொன்ன பதில்: 'இது நம்பிக்கை சார்ந்த பொருள், திருப்பி எடுப்பதில்லை.' பூஜை எங்கள் நம்பிக்கை. செம்பு என்று எழுதி இரும்பை விற்பதும், 50 கிராம் என்று எழுதி 41 கிராம் கொடுப்பதும் நம்பிக்கையில் சேராது. பெட்டியில் தயாரித்த மாதம், வருடம் இல்லை. எல்லாப் பொருளுக்கும் எடையும் போடவில்லை. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் பூஜைப் பெட்டிக்கும் பொருந்தும்.

எங்கள் கோரிக்கைகள்: மூன்று தொகுப்புகளின் விலையையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். கலசம், செங்கல், நவதானியம் மூன்றையும் விற்பனைப் பக்கத்திலிருந்து சரிசெய்யும் வரை எடுத்துவிட வேண்டும். மிக அவசரமானது அட்டை. இதே அட்டையோடு பெட்டி வாங்கியவர்கள் கார்த்திகை 8-க்குக் காத்திருப்பார்கள். அன்றைக்கு உரிய நேரம் 11.29 முதல் 12.05 வரை, உங்கள் அட்டை காலை 10.35-லிருந்தே தொடங்கச் சொல்கிறது. அதைத் தவறவிட்டால் மார்கழி தாண்டித் தை 12 வரை காத்திருக்க வேண்டும். ஆகவே வாங்கிய எல்லோருக்கும் திருத்திய நேரமும் திசையும் குறுஞ்செய்தியாகக் கார்த்திகை 8-க்கு முன் போய்ச் சேர வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இப்புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவோம்.

பிரிக்காத மூன்றாவது பெட்டி, துருப்பிடித்த கலசம், மிச்சமிருக்கும் செங்கற்கள், பிரித்து வைத்த தானியம் எல்லாம் எங்களிடம் உள்ளன. பெற்றுக்கொள்ள ஆள் அனுப்பினால் எடை போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கிறோம். பில், எடை எந்திரப் படங்கள், காந்தச் சோதனைக் காணொளி ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
மனைக்காரர்கள் மூவர்