முகத்தை ஸ்கேன் பண்ணுவது இருக்கட்டும், அட்டவணையை முன்கூட்டியே கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு ஹோட்டல்களில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் புலம்புவது உண்மைதான். ஆனால் வந்தவர்கள் ஏன் மூன்றாவது மாதமே கிளம்பிவிடுகிறார்கள் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. பினாங்குத் தீவின் பத்து பெரிங்கி என்ற ஊரில் ஒரு கடற்கரை ஹோட்டலில் 18 ஆண்டுகளாக ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் இடத்தில் இப்போது ஆள் எடுப்பதெல்லாம் செயலி வழியாகத்தான். சுயவிவரத்தை பிடிஎஃப்பாக ஏற்ற வேண்டும், அப்புறம் கேமராவைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசி அனுப்ப வேண்டும். அறை சுத்தம் செய்கிற வேலைக்கு! எங்கள் பிளாட்டில் ஓர் அக்கா, விரிப்பில் ஒரு சுருக்கம் விழாமல் கட்டில் போடுவார், அந்த பிடிஎஃப்பிலேயே மாட்டிக்கொண்டு விட்டுவிட்டார். இன்று வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிறார். பெயர், எந்த ஷிஃப்ட் முடியும், இவ்வளவையும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தமிழிலோ மலாயிலோ கேட்டிருந்தால் போதுமே.

சரி, எடுத்தாயிற்று. அடுத்த தலைவலி வேலை நேர அட்டவணை. ஞாயிறு இரவு பத்து மணிக்கு வரும், திங்கள் காலையே வேலைக்கு நிற்க வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி, ஜார்ஜ்டவுன் படகுத்துறையில் 101 பேருந்து பிடித்து வருகிறவள் பிள்ளையை யாரிடம் விடுவாள்? எத்தனை அறை பதிவாகியிருக்கிறது என்று ஹோட்டல் கணினிக்கு முன்பே தெரியும், அதை வைத்து இரண்டு வாரத்துக்கு முன்னால் அட்டவணை போடலாம், ஷிஃப்டை நாங்களே கைத்தொலைபேசியில் மாற்றிக்கொள்ளவும் விடலாம். போன மாதம் விலகிய பையனிடம் ஏன் தம்பி என்று கேட்டேன். "புது இடத்தில அடுத்த வாரம் எப்போ லீவுன்னு இப்பவே சொல்லிட்டாங்க அக்கா" என்றான். சம்பளத்தைப் பற்றி அவன் பேசவே இல்லை.

2023 ஜனவரியிலிருந்து மலேசியாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 48 மணி நேர வேலை என்பது 45 ஆனது, நெகிழ்வான வேலை நேரம் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. இதை எங்களில் பாதிப் பேருக்குச் சொன்னவர் கிடையாது.

இன்னொன்று சர்வீஸ் பாயிண்ட், அதாவது விருந்தினரிடம் வாங்கும் சேவைக் கட்டணத்தை எங்களுக்குப் பங்கிடும் கணக்கு. பில்லில் பிடிக்கும் 10 விழுக்காட்டில் இந்த மாதம் ஒரு பாயிண்டுக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்பது அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021இலேயே சொல்லிவிட்டது, இப்போது அந்தச் சம்பளம் 1,700 வெள்ளி. பிறகு கணக்கைக் காட்ட என்ன தயக்கம்? வருகையைப் பதிய முகத்தை ஸ்கேன் செய்யும் கருவியை மட்டும் உடனே வாங்கிவிட்டார்கள், இரண்டு நிமிடம் தாமதமானால் சிவப்பு விளக்கு எரிகிறது. பாயிண்ட் கணக்கைக் கைத்தொலைபேசியில் காட்டுங்கள் என்று நாங்கள் எழுதிக் கொடுத்து நான்கு மாதமாகிறது, இன்னும் பதில் இல்லை.

இப்படிக்கு,
ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளர் ஒருவர்,
பட்டர்வொர்த்